அண்ணனை ஏன் இழுக்கிறீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் விஸ்கான்சினில் வசிக்கிறோம். கல்லூரி வரை அமெரிக்கக் கால்பந்து ஆடிய என் இளைய மகன், பயிற்சியாளராகப் போவதாகச் சொல்கிறான். மாபெரும் வீரரான பார்ட் ஸ்டாரே பயிற்சியாளராகித் தோற்றார் என்று எடுத்துச் சொன்னேன். ‘உன் அண்ணன் இப்படியா கேட்டான்?’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஸ்டாரின் தோல்வியைத் தெரிந்துவைத்திருக்கும் நீங்கள், அவர் வீட்டுக் கதையைத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த தம்பியின் காலில் நாய் போட்ட எலும்பு ஒன்று குத்தி, மூன்றே நாளில் டெட்டனஸ் கண்டு அந்தப் பிள்ளை இறந்துபோனான். ராணுவத்தில் இருந்த அப்பாவுக்கு அந்தத் தம்பிமேல்தான் நம்பிக்கை. அவன் போன பிறகும் மூத்தவனை அவனோடு ஒப்பிட்டே பேசினார். நீங்கள் எவரைச் சாட்சிக்கு அழைத்தீர்களோ, அவரே நீங்கள் செய்த காரியத்தால் புண்பட்டு வளர்ந்தவர். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘உன் அண்ணன் இப்படியா கேட்டான்’ என்று, உங்கள் மகனின் வாயை மூடியது அந்த ஒரு வரிதான்.

தோல்வியைப் பற்றியும் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். 1956-இல் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் வரிசையில் 200-ஆவது ஆளாகத் தேர்வான அவர், கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு என்.எஃப்.எல் எனும் தொழில்முறைக் கால்பந்து லீகின் 5 பட்டங்களையும், சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டிகளில் முதல் இரண்டையும் வென்று தந்தார். 1967 டிசம்பர் 31 அன்று, மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில், 16 விநாடிகளே மிச்சமிருக்க, பந்தை வேறு எவரிடமும் கொடுக்காமல் தாமே சுமந்து எல்லைக் கோட்டைக் கடந்து டல்லாஸ் அணியை வீழ்த்தினார். 1975-இல் அதே அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது, முந்தைய பயிற்சியாளர் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு 34 வயது வீரர் ஒருவரை வாங்குவதற்காக, அடுத்த 2 ஆண்டுகளில் புதிய வீரர்களை எடுக்கும் வாய்ப்புகளில் முதன்மையான ஐந்தைத் தாரைவார்த்துவிட்டுப் போயிருந்தார். ஸ்டார் 9 ஆண்டுகள் உழைத்தார். 52 வெற்றி, 76 தோல்வி, 3 சமன். 1983 பருவம் முடிந்ததும் நீக்கப்பட்டார். சம்பாதித்த பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். தன்னை ஆளாக்கிய அணி நொடித்துக் கிடந்தபோது போய்ச் சுமந்தார். அதைக் கடமை என்றே நான் சொல்வேன்.

வருமானம் போதுமா, எந்தப் பள்ளியில் வேலை, எத்தனை வருடம் உதவியாளராக இருக்க வேண்டும் என்றெல்லாம் மகனிடம் தாராளமாகக் கேளுங்கள். தகப்பன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் அவை. ஆனால் அதற்கு முன்னால், அண்ணன் பெயரை இழுத்தது தவறு என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மூத்த மகனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். தன் பெயரால் தம்பி அடிபட்டது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.