அப்பாவின் கேப்ரோ ஃபிளாப்பிகளை எந்தக் கணினி படிக்கும்?

கேள்வி: என் தந்தை 1983 முதல் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் பொறியாளராக வேலை பார்த்தார். அங்கே வாங்கிய கேப்ரோ 2 கணினியையும் நாற்பதுக்குக் குறையாத ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளையும் ஊருக்குக் கொண்டுவந்தார். வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியில் அவர் எழுதிய கட்டுரைகளும் கடிதங்களும் அவற்றில் இருக்கின்றன. சில ஃபிளாப்பிகள் நண்பர்கள் கொடுத்தவை. அவற்றின் மேல் எதுவும் எழுதப்படவில்லை. பழைய கணினி விற்கும் ஒருவர், "எல்லாம் ஒரே சிபி/எம்தான், என்னிடம் உள்ள ஆஸ்பார்னில் உங்கள் ஃபிளாப்பி அப்படியே ஓடும்" என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? அல்லது மடிக்கணினியில் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் மாட்டினாலே போதுமா? — வாசகர், திருச்சி.

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை ஃபிளாப்பிகளில் இருக்கும் எழுத்து. அதற்கு இன்னொரு பழைய கணினி வேண்டியதில்லை. விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

கேப்ரோவும் ஆஸ்பார்னும் சிபி/எம் என்ற ஒரே இயங்குதளத்தில் ஓடியவை என்பது சரிதான். 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய அந்த இயங்குதளத்தை அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் விற்றது. அதன் மையப் பகுதி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அடிப்பகுதியை மட்டும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் கணினிக்கு ஏற்ப எழுதிக்கொண்டார்கள். "இந்தக் கோப்பைத் திற" என்று வேர்ட்ஸ்டார் கேட்பது எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். ஆனால் அந்தக் கோப்பு தட்டின் எந்தத் தடத்தில் (வட்டப் பாதையில்), எத்தனை பைட் செக்டர்களாக (தடத்தின் துண்டுகளாக) வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தீர்மானித்தது தயாரிப்பாளர் எழுதிய அந்த அடிப்பகுதி. ஆகவே, நிரல் இரண்டிலும் ஓடும் என்பதால் ஒன்றின் ஃபிளாப்பியை மற்றொன்று படிக்கும் என்று ஆகிவிடாது.

எட்டு அங்குல ஃபிளாப்பிகளுக்கு ஒரு பொது வடிவம் இருந்தது. ஐபிஎம் 3740 கருவியிலிருந்து வந்த அதில் 77 தடங்கள், தடத்துக்கு 26 செக்டர்கள், செக்டருக்கு 128 பைட்டுகள். சிபி/எம் நிரல்களை அந்தத் தட்டில் அனுப்பினால் யாரும் படிக்கலாம். 1976இல் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல டிரைவைக் கொண்டுவந்தபோது அப்படி ஒரு பொது வடிவத்தை யாரும் நிலைநிறுத்தவில்லை. அவரவர் இஷ்டப்படி வெட்டிக்கொண்டார்கள். உங்கள் கேப்ரோ 2 ஒரு பக்கத்தில் 40 தடங்கள், தடத்துக்கு 512 பைட்டில் 10 செக்டர்கள், ஆக 200 கிலோபைட் என்று எழுதியது. 1981இல் வந்த ஆஸ்பார்ன் 1, ஒற்றை அடர்த்தியில் 256 பைட்டில் 10 செக்டர்கள், ஆக 100 கிலோபைட் என்று எழுதியது. பிறகு வந்த இரட்டை அடர்த்தி ஆஸ்பார்னோ 1,024 பைட்டில் 5 செக்டர்கள். மொத்தம் அதே 200 கிலோபைட்தான், வெட்டு மட்டும் வேறு. கோப்புப் பட்டியலைக்கூட ஒரே இடத்தில் வைக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. கேப்ரோ 2இல் ஒரு தடம் தள்ளியும் ஆஸ்பார்னில் மூன்று தடங்கள் தள்ளியும் அது தொடங்குகிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது, உங்கள் கேப்ரோ போன்றவற்றின் தட்டுகளில் "நான் இன்ன வடிவம்" என்று சொல்ல ஒரு பைட்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான். இயங்குதளத்தை விற்றவர்கள் ஒரு சிறு அடையாளத்தைக் கட்டாயமாக்கியிருந்தால் போதும், செய்யவில்லை. விளைவாக, ஒரு கணினியின் ஃபிளாப்பியை இன்னொன்றில் படிப்பதற்கென்றே யூனிஃபார்ம் போன்ற மென்பொருள்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. பொது இயங்குதளம் என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு, அந்தப் பொதுத்தன்மையைப் பெற வாடிக்கையாளர் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அன்று யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. அந்த அலட்சியத்துக்கான விலையைத்தான் இன்று நீங்கள் 45,000 ரூபாயாகக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

யுஎஸ்பி டிரைவ் இன்னும் மோசமான யோசனை. கடைகளில் கிடைப்பவை மூன்றரை அங்குலத்துக்கானவை. உங்கள் ஃபிளாப்பி அவற்றின் வாய்க்குள்ளேயே நுழையாது. ஐந்தேகால் அங்குல டிரைவ் உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றைத் தேடிப்பிடித்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். விண்டோஸ் கேப்ரோ வடிவத்தை அறியாது, "இந்தத் தட்டு வடிவமைக்கப்படவில்லை, வடிவமைக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். அவசரத்தில் "ஆம்" என்று ஒரு சொடுக்கு சொடுக்கினால் தந்தையின் கட்டுரைகள் போயே போயின. "ஃபிளாப்பி பழுதாகத்தான் வந்தது" என்று கடைக்காரர் கையை விரித்த பல வழக்குகளில் நடந்தது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, யாரிடம் கொடுப்பதற்கு முன்பும் ஒவ்வொரு ஃபிளாப்பியின் பக்கவாட்டு விளிம்பில் உள்ள சதுர வெட்டைக் கவனியுங்கள். அந்த வெட்டு திறந்திருந்தால் அதில் எழுத முடியும். மூடியிருந்தால் எழுத முடியாது. மூன்றரை அங்குலத் தட்டில் இது நேர் எதிர் என்பதால் பலர் குழம்புகிறார்கள். வெட்டின் இருபுறமும் மடித்து ஒட்டி மூடிவிடுங்கள். ஒளி ஊடுருவும் செலோடேப் உதவாது, ஏனெனில் பல டிரைவ்கள் அந்த வெட்டை ஒளியால்தான் உணர்கின்றன. கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும். மேலே எதையாவது எழுதிவைக்க வேண்டுமென்றால் லேபிளில் தனியாக எழுதி, பிறகு ஒட்டுங்கள். ஃபிளாப்பியின் மேல் பேனாவை வைத்து அழுத்தக் கூடாது.

கேப்ரோவைச் சுவரில் செருகிப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வாங்கியது 110 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நொடியில் எரிந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும், நாற்பது ஆண்டுகளாகச் சுத்தம் செய்யாத டிரைவ் தலைக்கு அடியில் உங்கள் ஒரே பிரதியைச் சுழலவிடுவதில் அர்த்தமில்லை.

இன்று இந்த வேலைக்குச் சரியான வழி வேறு. கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற சிறு மின்பலகைகள் இருக்கின்றன, அவற்றை வைத்துப் படித்துத் தருபவரிடம் கொடுங்கள். அவற்றைச் சாதாரண ஐந்தேகால் அங்குல பிசி டிரைவோடு இணைத்தால், தட்டின் வடிவம் என்ன என்று அறிய முயலாமல், காந்தப்புலம் எந்தெந்த நொடித்துளியில் திசை மாறுகிறது என்பதை மட்டும் தடம் தடமாகப் பதிவுசெய்துகொள்ளும். வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பிறகு, அந்தப் பதிவின் மேல், ஃபிளாப்பியைத் தொடாமலே நடக்கும். பத்து முறை தவறாக ஊகித்தாலும் மூலத்துக்குச் சேதமில்லை. டிரைவ் 1.2 மெகாபைட் வகையாக இருந்தாலும் படிப்பதற்குத் தடையில்லை. அதில் 80 தடங்கள் என்பதால் ஒன்று விட்டு ஒன்று படிக்கும். பதிவைத் தட்டுப் பிம்பமாக மாற்றியபின், அதிலிருந்து கோப்புகளைப் பிரித்தெடுக்க சிபிஎம்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. கேப்ரோ 2இன் அளவுகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெயரில்லாத ஃபிளாப்பிகளும் உங்களிடம் இருக்கின்றன. நடுவில் உள்ள பெரிய துளைக்குப் பக்கத்தில், உறையில் ஒரு சிறுதுளை தெரியும். சுத்தமான இரு விரல்களை நடுத்துளைக்குள் விட்டு மெல்ல விரித்து, உள்ளே இருக்கும் தட்டை உறைக்குள்ளேயே சுழற்றுங்கள். நீள்வட்டத் திறப்பில் தெரியும் பழுப்புப் பரப்பைத் தொடாதீர்கள். சிறுதுளையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, முழுச் சுற்றுக்கு எத்தனை ஓட்டைகள் கடந்துபோகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கவலையில்லை. கேப்ரோ, ஆஸ்பார்ன், ஜெராக்ஸ் 820 எல்லாம் அந்த வகைதான். பதினொன்று வந்தால் அது செக்டர் எல்லைகளே துளைகளாகக் குத்தப்பட்ட தட்டு: பத்து செக்டருக்குப் பத்து, சுற்றின் தொடக்கத்தைக் காட்ட இன்னொன்று. நார்த்ஸ்டார் ஹொரைசன், ஹீத் எச்89 போன்ற கணினிகள் இவற்றைப் பயன்படுத்தின. பதினேழு வந்தால் பதினாறு செக்டர் வகை. இவற்றைச் சாதாரண முறையில் படிக்கவிட்டால், ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு புதிய சுற்றின் தொடக்கம் என்று கருவி நினைத்துக்கொள்ளும். "தட்டு காலி" என்று உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் அதற்குரிய அமைப்பில் படிக்கலாம். எண்ணி முடித்ததும் இவற்றைத் தனி உறையில் பிரித்துவையுங்கள். இதற்கு ஆகும் நேரம் ஃபிளாப்பிக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள் பலர் இதைச் செய்வதில்லை.

அதே வெளிச்சத்தில் பழுப்புப் பரப்பையும் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. அந்த ஃபிளாப்பி டிரைவுக்குள் போகவே கூடாது, போனால் தலையைக் கெடுத்து அடுத்து வரும் நல்லதையும் கீறும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

கோப்புகள் வெளியே வந்தபின் இன்னொரு பீதி காத்திருக்கிறது. வேர்ட்ஸ்டார் கோப்பை நேரடியாகத் திறந்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விசித்திரக் குறியாகத் தெரியும். ஆங்கிலச் சிற்றெழுத்து 'இ'யின் எண் 101. சொல்லின் இறுதியில் அது வரும்போது வேர்ட்ஸ்டார் தன் வசதிக்காக 128ஐக் கூட்டி 229 ஆக்கிவிடும். விண்டோஸ் அதைத் தலையில் வளையம் வைத்த 'ஏ' என்று காட்டும். கோப்பு கெட்டுப்போய்விட்டது, மீட்கத் தனிக் கட்டணம் ஆகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எட்டாவது பிட்டை, அதாவது கூட்டிய அந்த 128ஐ, நீக்கும் சில வரி நிரல் போதும். கட்டுரை, கடிதங்களுக்கு மட்டும் அதைச் செய்யச் சொல்லுங்கள். நிரல் கோப்புகளில் செய்தால் அவை பாழாகும். கோப்பின் கடைசியில் சம்பந்தமில்லாத சில வரிகள் தொங்கினாலும் பயப்பட வேண்டாம். சிபி/எம் கோப்பின் நீளத்தை 128 பைட் கணக்கில்தான் வைத்திருக்கும். 26 என்ற எண்ணுள்ள குறிக்குப் பிறகு வருவது முன்பு நினைவகத்தில் கிடந்த மிச்சமாக இருக்கலாம்.

தந்தை அழித்துவிட்ட கோப்புகளையும் பெரும்பாலும் மீட்கலாம். அழிக்கும்போது சிபி/எம் செய்வது, பட்டியலில் அந்தக் கோப்பின் முதல் பைட்டை 229 என்று மாற்றுவது மட்டுமே. அதே இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். இதனால்தான் பிரித்தெடுத்த கோப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் காந்தப் பதிவுக் கோப்பு, அதிலிருந்து செய்த தட்டுப் பிம்பம், பிரித்தெடுத்த கோப்புகள் ஆகிய மூன்றும், கூடவே மூல ஃபிளாப்பியும் உங்கள் கைக்கு வர வேண்டும். பதிவுக் கோப்பைக் கொடுக்கத் தயங்குபவர் பெரும்பாலும் இடைத்தரகர். உங்களிடம் வாங்கி வேறொருவருக்கு அனுப்பி, நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்பவர். படிக்க முடியாத ஃபிளாப்பிக்கும் முழுக் கட்டணம் என்று எழுதிய சீட்டில் கையெழுத்திடாதீர்கள். "சிபி/எம் உரிமம்" என்று சொல்லிக் குறுந்தகடு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதன் உரிமை பல கைகள் மாறி வந்தது. உரிமை வைத்திருந்த டிஆர்டாஸ் நிறுவனத்தின் பிரையன் ஸ்பார்க்ஸ் 2022இல், யாரும் அதைப் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று தெளிவுபடுத்திவிட்டார்.

நாற்பதையும் ஒரே நாளில் ஒப்படைக்க வேண்டாம். கேப்ரோவோடு வந்த மென்பொருள் ஃபிளாப்பி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். போனாலும் வேறு பிரதி உலகில் கிடைக்கும். அடுத்ததாகத் தந்தையின் ஃபிளாப்பிகளில் ஒன்றே ஒன்று. அதில் கோப்புப் பட்டியல் தெரிகிறது என்று சொன்னவுடன் திருப்தி அடையாதீர்கள், வடிவத்தைத் தவறாக ஊகித்தாலும் சில சமயம் பட்டியல் மட்டும் சரியாகவே தெரியும். பதினாறு கிலோபைட்டுக்கு மேற்பட்ட நீண்ட கட்டுரை ஒன்றைத் திறக்கச் சொல்லி, நடுவிலிருந்து கடைசி வரை தொடர்ந்து படியுங்கள். அவ்வளவு நீளக் கோப்புக்குப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் தேவைப்படும். ஊகம் பிசகியிருந்தால் அங்கேதான் பத்திகள் இடம் மாறித் தொடர்பு அறுந்து நிற்கும். வாக்கியங்கள் அறுபடாமல் ஓடினால் மற்ற ஃபிளாப்பிகளையும் அவரிடமே கொடுக்கலாம்.