நம்பகமான காரா, ஓட்டச் சுகமான காரா? கடலூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: கடலூரில் குடியிருக்கிறேன், வேலை புதுச்சேரியில். பட்ஜெட் 10 லட்சம். டர்போ ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்ததிலிருந்து அதன் மேலேயே மனசு நிற்கிறது. வீட்டில் "தொந்தரவு இல்லாத வண்டியா வாங்கு" என்கிறார்கள். எதை வாங்கலாம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. 2016இல் எனக்கும் இதே ரோடு, இதே ஆசை, வீட்டில் இதே பேச்சு. நான் மஞ்சக்குப்பம். வேலை பாண்டியில்.

அப்போது நான் ஆசையின் பக்கம்தான் போனேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் டர்போ பெட்ரோல் வண்டி, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். பேர் வேண்டாம், அதே வண்டியை ஒரு லட்சம் கிலோமீட்டர் பிரச்சினையே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கலாம், அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை.

அந்த வண்டியைக் குறை சொல்லி ஆரம்பிக்க எனக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவேன். பாண்டி, காலாப்பட்டு எல்லாம் தாண்டி மரக்காணம் வரை ஈ.சி.ஆர். மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளம் வந்துவிடும். பாத்தியில் நிற்கிற தண்ணீரில் வானம் வெளுப்பது தெரியும். முன்னால் போகிற லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொள்ளும், அடுத்த கணம் முதுகைச் சீட்டோடு சேர்த்து அமுக்கும். கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ரோட்டின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். மரக்காணத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்த வாரம் முழுவதும் மனசு லேசாக இருக்கும். "கார்னா நாலு சக்கரம், ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போவணும், அவ்ளோதான்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடு கிடையாது.

இனி 2019 மே மாதத்துக்கு வருகிறேன். கத்திரி வெயில். அம்மாவுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வருகிறேன். பின்சீட்டில் அம்மாவும் என் மனைவியும். கிருமாம்பாக்கத்தில் முன்னால் என்ன ஆனதோ, வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. முக்கால் மணி நேரம் பிரேக்கை விடுவது, நாலடி நகர்வது, மறுபடி பிரேக். முதலில் ஒரு குலுக்கல் வந்தது. அப்புறம் மீட்டரில் கியர் எழுத்து விட்டு விட்டு எரிந்தது, பக்கத்தில் மஞ்சளாக ஒரு ஸ்பேனர் படம். அடுத்து எந்தக் கியரும் விழவில்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, ஏ.சி. வருகிறது, சக்கரம் மட்டும் திரும்பவில்லை. பின்னால் இருந்த பஸ் ஏர் ஹாரனை விடாமல் அடித்தது.

டீக்கடைக்காரரும் இரண்டு பையன்களும் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பஸ் போகும்போதும் அம்மா கறுப்புக் கண்ணாடிக்கு மேல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, "பஸ்ல வந்திருந்தா இந்நேரம் வூடு சேந்திருப்போம், இல்ல?" என்றார். அந்தப் பெஞ்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் ஒன்றில். இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றில். ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும், அதனால்தான் அவ்வளவு வேகமாக மாறுகிறது. என்னுடையது உலர் கிளட்ச் ரகம். சூட்டை இறக்க உள்ளே எண்ணெய் இல்லை. நெரிசலில் ஊரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் பாதியிலேயே வழுக்கிக்கொண்டிருக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். மரக்காணம் ரோட்டில் எது எனக்கு இன்பமாக இருந்ததோ அதேதான் கிருமாம்பாக்கத்தில் நின்று போனது. கியரை மாற்றுகிற கன்ட்ரோல் யூனிட்டை முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பார்ட்ஸ் வர 41 நாள், பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வண்டி திரும்பி வந்த மாதமே விற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஓட்டுகிற சுகம் ஒரே ஒரு சீட்டுக்கு. வண்டி நின்றால் அஞ்சு சீட்டுக்கும் கஷ்டம். இன்னொன்று, நம்பகம் என்பதில் பாதி வண்டியில் இருக்கிறது, மீதிப் பாதி நம் ஊர் மெக்கானிக்கிடமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. என் நண்பர் ஒருவர் அந்தக் கம்பெனியின் ஃபிகோவை இன்னும் நிம்மதியாக ஓட்டுகிறார். காரணம், திருப்பாதிரிப்புலியூரில் அவருக்கு அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பழகிய ஒரு மெக்கானிக் கிடைத்திருக்கிறார்.

2019இலேயே ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர் வாங்கினேன். "தகர டப்பாவைப் போய்ச் சிபாரிசு பண்றியா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: தெரியும். 2022இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஸ்விஃப்டுக்கு அஞ்சுக்கு ஒரு ஸ்டார்தான். இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் அதையும் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் பாதுகாப்பு வேறு கேள்வி, நீங்கள் கேட்டது வேறு. 900 கிலோகூட இல்லாத வண்டி, இரண்டாவது கியரில் சுறுசுறுப்பாகவே பாயும். பழைய சுகத்தில் முக்கால் பங்கு இதில் கிடைக்கிறது.

2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது வண்டி என் சின்ன மாமனார் வீட்டு வாசலில் நின்றது. கதவைத் திறந்தால் மிதியடி மிதக்கிறது. சாவியைத் தொடவில்லை. தொட்டு ஸ்டார்ட் பண்ணியிருந்தால், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும் பட்சத்தில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு எங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஏர் ஃபில்டர், ஆயில், பிளக் எல்லாம் கழற்றிப் பார்த்து, கார்ப்பெட்டை மாடியில் காயவைத்து, நாலாம் நாள் ஓட்டிக்கொண்டு வந்தேன். தேவைப்பட்ட அத்தனை சாமானும் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. வண்டி வாங்கும்போது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "பாண்டி அட்ரஸ் ஒண்ணு புடிச்சி பி.ஒய். நம்பர் போட்டுக்கோ" என்றார்கள், புதுச்சேரிப் பதிவு என்றால் வரி குறைவு என்பதற்காக. நான் போடவில்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு பாண்டி விலாசம் காட்டுவது பொய். 10 சதவீதம் வாழ்நாள் வரி கட்டி, கடலூர்ப் பதிவான டி.என். 31 வாங்கினேன். 2023 நவம்பரிலிருந்து இது இன்னும் கூடிவிட்டது. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். என் தெருவில் மூன்று பி.ஒய். வண்டிகள் வருஷக்கணக்காக நிற்கின்றன. ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி என்கிற மாதிரிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் 10 லட்சத்தில் இந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர்கள் காட்டும் காலி ரோட்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தினமும் நீங்கள் ஓட்டப்போவது அங்கேதான். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் டார்க் கன்வெர்ட்டர் ரகமா, அதாவது உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் விசையைக் கடத்துகிற ரகமா என்று கேளுங்கள். ஊர்ந்து போகிற நெரிசலை அது தாங்கும். வாங்குவதற்கு முன்னால் நம் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் அந்த வண்டியின் பேரைச் சொல்லி, கிளட்ச் செட் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

டர்போவே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தனி ஆளாக ஓட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள், மரக்காணம் ரோட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ஆனால் உங்கள் பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. அதை எழுதுங்கள், வண்டியின் பேரையே சொல்கிறேன்.