தெரியாத குழாயை அடைக்கலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த 150 சிசி பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது. இன்ஜின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட டப்பா, அதிலிருந்து மூன்று குழாய்கள். வண்டிக்கு அடியில் எதிலும் மாட்டாமல் மூன்று டியூப்கள் தொங்குகின்றன. சைடு ஸ்டாண்டுக்கு மேலே இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். இவையெல்லாம் என்ன? தொங்குகிற டியூப்களை அடைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். தொழில் கற்ற புதிதில் நான் அப்படி ஒரு டியூபில் போல்ட்டைச் செருகி, மேலே கிளாம்பும் போட்டு அடைத்தேன். எண்ணெய் கசியாமல் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அது இன்ஜின் மூச்சு விடும் குழாய். உள்ளே அழுத்தம் ஏறி, கியர் லீவர் பக்கத்து ஆயில் சீல் வெளியே தள்ளி, என் கால் முழுக்க எண்ணெய்.

பெயர் தெரியாத டியூபைப் பார்த்தால் பெயரைத் தேடாதீர்கள். அதன் மேல் முனை எங்கே போகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போங்கள். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் போய் முடிந்தால், மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை வெளியேற்றும் டியூப் அது. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் முடிந்தால் ஓவர்ஃப்ளோ, மிஞ்சிய பெட்ரோல் வழியும் டியூப். அதில் பெட்ரோல் சொட்டினால் குற்றம் டியூபில் இல்லை, உள்ளே பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் முடிவது மட்டும் விதிவிலக்கு: அதன் கீழ் முனையில் ஒரு மூடி இருக்கவேண்டும். தேங்கிய எண்ணெயையும் நீரையும் அவ்வப்போது வடித்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும். கொட்டகையில் கிடந்த வண்டி என்கிறீர்கள், திறந்த டியூப்களில் குளவி மண் வைத்திருக்கும். ஊதிப் பாருங்கள்.

அந்த வட்ட டப்பா, சைலன்சருக்குப் போகும் புகையில் எரியாமல் மிஞ்சியதை எரிக்கப் புதுக் காற்று விடும் வால்வு. தடித்த குழாய் ஏர் ஃபில்டரிலிருந்து வரும், இன்னொன்று ஹெட்டின் எக்ஸாஸ்ட் வாய்க்குப் போகும். மூன்றாவது, மெல்லியது, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் கழுத்தில் மாட்டியிருக்கும். உங்கள் தொல்லைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆறு வருடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் அந்த வழியாகக் கூடுதல் காற்று புகும், பெட்ரோல் போதாமல் போகும், சோக் போட்டால்தான் ஓடும். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓடவைத்து, அந்தக் குழாயைக் கழற்றி, ரப்பர் கழுத்தில் அது மாட்டியிருந்த வாயை விரலால் அடையுங்கள். ஓட்டம் சீரானால் குழாயை மாற்றினால் முடிந்தது.

சீராகவில்லையா? அப்படியானால் ஸ்லோ ஜெட், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது பெட்ரோல் விடும், கார்புரேட்டருக்குள் உள்ள சின்னப் பித்தளைத் துண்டு. பெட்ரோல் ஆவியாகி மிஞ்சிய பிசின் அதை அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பி விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரியவேண்டும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்று. நான் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்வேன், பேப்பர் காற்றில் பறந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் முதலில் டேங்க். இல்லாவிட்டால் இன்று சுத்தம் செய்த கார்புரேட்டரை அடுத்த வாரமும் கழற்றுவீர்கள்.

அப்புறம் அந்த முறுக்கிய வயர்கள். ஸ்டாண்டு சுவிட்ச் கெட்டுப்போய், முன்னால் வைத்திருந்தவர் அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார். இப்போது ஸ்டாண்டு கீழே இருந்தாலும் வண்டி கிளம்பும். இடப்பக்கம் வளையும்போது ஸ்டாண்டு தரையில் குத்தும், நீங்கள் விழுவீர்கள். சுவிட்சை வாங்கி மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள். டேப் சுற்றிய இடம் ஒன்று இருந்தால் இன்னும் இரண்டாவது இருக்கும். சீட்டுக்கு அடியிலும் தேடுங்கள்.

கேள்வி: பழைய பைக்கில் விசிறி மடிப்பு மடிப்பாக ஒரு அலுமினியக் கட்டி இருக்கிறது. கை வைக்க முடியாத சூடு. கெட்டுவிட்டதா?

பதில்: அது ரெகுலேட்டர். மேக்னட் தரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. சூடாவது அதன் வேலை, மடிப்புகள் அதற்குத்தான். மல்ட்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்கட்டும். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் 14-ஐத் தொட்டால் நலம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. 12-லேயே நின்றால் புதிது வாங்க ஓடாதீர்கள், அதன் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பாதி வண்டிகளில் அதுதான் பழுப்பேறிக் கருகியிருக்கும்.

கேள்வி: நான் வாங்கிய பழைய பைக்கின் டயரில் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஓட்டலாம்தானே?

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3112 என்றால் 2012-ஆம் ஆண்டின் 31-வது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயர் என்றால் ஓடாவிட்டாலும் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். முடி இருந்தும் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.