நெல் உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா உரத்தை எப்படி வீழ்படிவாக்குகிறார்கள்?

நீரில் கரைந்திருக்கும் பொருளை வேதிவினையால் கரையாத திண்மமாகப் பிரித்தெடுப்பதே வீழ்படிவாக்கம்.

நன்றாக எரிந்த உமிச் சாம்பலில் ஏறத்தாழ 90 சதவீதம், சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்காதான். இதைக் குப்பையில் கொட்டுவது பெரிய இழப்பு. சாம்பலைக் காஸ்டிக் சோடா என்னும் வலுவான காரத்தின் கரைசலில் கொதிக்கவைத்தால் சிலிக்கா சோடியம் சிலிக்கேட்டாகக் கரைகிறது. வடிகட்டி, அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். காரத்தன்மை மிகுந்திருக்கும்வரைதான் சிலிக்கா கரைந்திருக்கும். அது தணிந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கூழாகத் திரள்கின்றன, எலுமிச்சைச் சாறு விட்டதும் பால் திரிவதைப் போல. அடுத்து கழுவுவதில் அவசரம் கூடவே கூடாது: சோடியம் உப்பு தங்கினால் மண் கெடும். உலர்த்தினால் வெண்பொடி. அது மெல்லக் கரைந்து, சிலிசிக் அமிலமாக வேருக்குள் சென்று, நெல்லின் தண்டையும் இலையையும் உறுதியாக்குகிறது.

மணலும் சிலிக்காதானே, அதையே வயலில் போடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். மணலில் சிலிக்கா படிகமாக இறுகியிருப்பதால் மிக மிக மெதுவாகவே கரையும், பயிரின் தேவைக்கு எட்டாது.