வீடில்லாமல் வாழ்ந்து, இப்போது ஓர் இடத்தில் குடியேறியிருக்கும் பெரியவர்களுக்கு எழுத்தறிவை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

அரிச்சுவடியில் தொடங்குவதா, முதலாம் ஆண்டுப் புத்தகத்தை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். அவர்கள் தங்களோடு சுமந்து வந்திருக்கும் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்.

இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் ஞாயிற்றுக்கிழமைகளில், சந்தை கலைந்த பிறகு, இத்தகைய பெரியவர்கள் சிலருக்கு நான் கற்பித்து வருகிறேன். பஸ் தரிப்பிடத்திலும் கடை வாசல்களிலும் பல காலம் படுத்துறங்கியவர்கள் இப்போது சிறிய வாடகை அறைகளில் இருக்கிறார்கள். மலையகத்தில் ஒருவர் வீட்டை இழப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, தோட்டத்து வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவுக்குப் பெரும்பாலானோரிடம் உறுதிப்பத்திரமே கிடையாது; வேலை நின்றாலோ, கணவன் இறந்து குடும்பத்தில் சண்டை மூண்டாலோ, வெளியேறுபவருக்குக் கேட்டு நிற்க உரிமை என்று ஒன்றுமில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, வீட்டோடு சேர்த்துப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் புதைந்துபோன குடும்பங்களும் உண்டு. முகவரி இல்லாதவருக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் கிடைப்பது கடினம். அது இல்லாமல் மற்றப் பத்திரங்கள் நகர்வதில்லை. ஆகவே ஒரு முகவரி கிடைத்ததும் அவர்களுடைய வாழ்க்கைக்குள் முதலில் வந்து விழுவது காகிதங்கள்தான்: வாடகை ரசீது, மின் பட்டியல், கிளினிக் கொப்பி, வாக்காளர் பதிவுப் படிவம். இவற்றை வாசிக்கத் தெரியாமல் ஒவ்வொரு முறையும் அடுத்தவரிடம் நீட்ட வேண்டியிருப்பதுதான் அவர்களை மிகவும் வருத்துகிறது.

அநேகமாக எல்லோரும் இவற்றை ஒரு சொப்பிங் பைக்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பைக்குள் ஆசிரியர் கை விடக் கூடாது. "அக்கா, இதில் எதை முதலில் வாசித்துப் பழகலாம்?" என்று கேளுங்கள், அவரே எடுத்துத் தரட்டும். அதில் நோயின் பெயர் இருக்கலாம், கடன் கணக்கு இருக்கலாம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் இருக்கலாம். மற்றவர் காதில் விழும்படி எதையும் உரக்க வாசிக்காதீர்கள். தெருவில் வாழ்ந்த காலத்தில் அவர்களுக்கென்று மறைத்து வைக்க ஓர் இடம்கூட இருந்ததில்லை. இதில் தவறினால், எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள்.

எழுத்தைத் தொடங்குமுன் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்த பலருக்கு அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும். சிறு வயதில் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர், எழுத்து தெளிவாகத் தெரியாத காரணத்தாலேயே தனக்குப் படிப்பு மறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். வாசிப்புக் கண்ணாடி ஒன்று கிடைத்ததும் பாதி எழுத்துகள் தாமாகவே திரும்பி வருவதைக் கண்டிருக்கிறேன்.

முதல் பாடமாக நான் எடுப்பது அடையாள அட்டை இலக்கம். எழுத்து தெரியாதவர்களில் பலருக்கு இலக்கங்கள் நன்றாகத் தெரியும். காசு எண்ணியும், கொழும்புக்குப் போகும் 99ஆம் இலக்க பஸ்ஸைத் தூரத்திலிருந்தே அறிந்தும் பழகியவர்கள் அவர்கள். தெரிந்ததிலிருந்து தொடங்கும்போது கூச்சம் குறைகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதில் முதல் இரண்டும், புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். என்னிடம் வந்த ஓர் அக்காவின் அட்டை 62678 என்று தொடங்கியது. 678இல் 500 போனால் 178. மாத வாரியாக, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து, விரல் மடக்கி எண்ணினோம். ஜூன் 26இல் வந்து நின்றது. "ஆனி மாசம்னு அம்மா சொன்னது சரிதான்" என்றார். பிறகு அட்டையிலிருந்த தம் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்த பெண் தமது ஊழியர் சேமலாப நிதியைக் கோரலாம் என்பதையும், தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பணம் தமக்கு இருக்கக்கூடும் என்பதையும் அவர் அறிந்துகொண்டது அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகத்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு, அதனால் பணம் கிடைக்காமல் அலைபவர்கள் மலையகத்தில் ஏராளம். ஆகையால் தம் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், இரண்டு பத்திரங்களை அருகருகே வைத்து ஒரே பெயர்தானா என்று ஒப்பிடவும் பழக்க வேண்டும்.

மற்றவை அவரவர் தேவையைப் பொறுத்தவை. மின் பட்டியலில் முந்தைய மானி வாசிப்பு, தற்போதைய மானி வாசிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆகிய மூன்றையும் கண்டுகொண்டால் போதும். மாதம் 60 அலகுகளைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மருந்து உறையில் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால், மெட்போர்மின், லொசார்டன் போன்றவற்றை முதல் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு பிரித்தறியப் பழக்கி, "காலை", "இரவு" என்று உறையின்மேல் அவரையே தமிழில் எழுதச் செய்யுங்கள்.

தமிழா, சிங்களமா என்ற கேள்வியும் எழும். வாசிப்பு தமிழிலேயே தொடங்க வேண்டும். பேசும் மொழியில்தான் எழுத்துக்குப் பொருள் உடனே கிடைக்கும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. தமிழ்ப் படிவம் கேட்பது யாசகம் அல்ல, உரிமை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறேன். பஸ் பலகையில் சிங்களத்தில் உள்ள நான்கைந்து ஊர்ப் பெயர்களை வடிவமாக அடையாளம் காண்பது தனிப் பயிற்சி. அதையும் தவிர்க்க முடியாது.

கையொப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயரெழுத வந்ததும், இனிமேல் கைநாட்டு வைக்க மாட்டேன் என்ற உற்சாகம் எல்லோருக்கும் வரும். அது மிக நியாயமான உற்சாகம். ஆனால் வங்கியில் கைநாட்டுப் பதிவாகியிருந்தால், கையொப்பம் ஒரே விதமாக விழும்வரை அங்கே மாற்றச் சொல்லாதீர்கள். இன்று ஒரு விதமாகவும் அடுத்த மாதம் வேறு விதமாகவும் எழுதினால், சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் போகும். முதலில் வகுப்பு வரவுப் பதிவிலும் வாடகை ரசீதிலும் கையொப்பமிடட்டும். கை நன்கு படிந்த பிறகு, வங்கிக் கிளைக்கு அவரோடு கூடவே சென்று மாற்றிக் கொடுங்கள். ஆனால் படிவத்தை நிரப்ப வேண்டியவர் அவரே.