விரலில்லாக் கையுறையும் பழைய சுவெற்றரும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு நுவரெலியா மாவட்டத்தில் ஆசிரிய நியமனம் கிடைத்திருக்கிறது. தை மாதம் கடமையேற்க வேண்டும். வெண்கட்டி பிடிக்கவும் கொப்பி திருத்தவும் விரல்நுனி வெளியே இருக்க வேண்டும் என்று விரலில்லாத கம்பளிக் கையுறை கேட்கிறாள். அதுவும் மீள்சுழற்சிக் கம்பளியில் செய்ததாக இருக்க வேண்டுமாம். வவுனியாக் கடைகளில் கேட்டால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கான கையுறையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இணையத்தில் பார்த்தால், தபாற்செலவோடு ஒரு சோடியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மலிவாகவும் நாலைந்து வருடம் உழைக்கக்கூடியதாகவும் எங்கே வாங்கலாம்?
(வாசகி, நெளுக்குளம், வவுனியா)

பதில்: கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே கம்பளிக் கையுறையை வாங்கி அடுக்கி வைப்பவருக்கு முதல் முடங்கும். நுவரெலியா நகரமோ ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியல்களில் அங்கே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதும், சில நாட்களில் புல்லின் மேல் உறைபனி படிவதும் வழக்கம். ஆனால் மாவட்டத்தின் எல்லாப் பாடசாலைகளும் அந்த உயரத்தில் இல்லை. ஆகவே பாடசாலை எந்த ஊரில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு செலவு செய்யுங்கள்.

மீள்சுழற்சிக் கம்பளி என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பழைய கம்பளித் துணியை நிறவாரியாகப் பிரித்து, பொத்தானும் சிப்பும் களைந்து, பல்லுள்ள உருளைகளில் கொடுத்துக் கிழித்து, மறுபடி இழையாக்கி நூற்ற நூல். இங்கிலாந்தின் யோர்க்சயரில் உள்ள பட்லி என்ற ஊரில் 1813இல் பெஞ்சமின் லோ என்பவர் தொடக்கிவைத்த தொழில் இது. இன்று இத்தாலியின் பிராத்தோவும் இந்தியாவின் பானிப்பத்தும் இதற்குப் பேர்போன நகரங்கள். பானிப்பத்தின் நூல் நமக்கு அந்நியமானதல்ல. உலகெங்கும் அனர்த்தக் காலங்களில் கொடுக்கப்படும் நிவாரணப் போர்வைகளில் ஒரு பங்கு அங்கேதான் நெய்யப்படுகிறது. முகாமில் இருந்தவர்களுக்கு அந்த வகைப் போர்வையின் கரகரப்பும், உடுப்பில் ஒட்டிக்கொள்ளும் அதன் தும்பும் நினைவிருக்கும். தும்பு வருவதற்குக் காரணம், கிழிக்கும்போது இழைகள் அறுந்து கட்டையாகிவிடுவதுதான். கட்டை இழையில் நூற்ற நூல் இலேசில் தேயும், உருண்டை கட்டும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் அதில் ஓரளவு நைலோனையோ புதிய கம்பளியையோ கலக்கிறார்கள். அந்தக் கலப்பைக் குறை என்று எண்ண வேண்டாம். கையுறைக்கு அது தேவையானதே.

மற்றொன்று, பழைய சுவெற்றரைக் கிழிக்காமல் அப்படியே பிரித்தெடுத்த நூல். இதில் இழை அறுவதில்லை. ஆட்டின் மேலிருந்து வந்த நீளத்திலேயே இருக்கிறது. மலிவும் உழைப்பும் இரண்டும் வேண்டும் என்று நீங்கள் கேட்பதால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆயத்தக் கையுறையைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு பழைய சுவெற்றரைத் தேடுங்கள்.

சுவெற்றருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் செம்மறிக்கு இருப்பது மயிரே தவிரக் கம்பளி அல்ல என்பதால் உள்ளூர்க் கம்பளி நூல் என்று ஒன்று நமக்கு இல்லை. ஆனால் வன்னியில் சுவிஸிலோ கனடாவிலோ உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் மடுத் திருவிழாவுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வரும்போது, சொக்லேற்றுக்குப் பதிலாக, தாங்கள் போட்டுக் கழித்த தனிக் கம்பளிச் சுவெற்றர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டி கட்டும் முன்பே சொல்ல வேண்டும், கழுத்து லேபலைப் படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்க வேண்டும். இல்லையெனில் மகள் நுவரெலியாவுக்குப் போன பிறகு, அங்கே மலிவு உடுப்புகள் குவிந்துகிடக்கும் பேல் பஜாரில் அவளே தேடலாம். அங்கே பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்பதால் பொறுமை வேண்டும்.

எடுக்கும்போது லேபலுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது பக்கத் தையல். சுவெற்றரை உட்புறம் திருப்பிப் பாருங்கள். விளிம்பு வெட்டப்பட்டு ஓவர்லொக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பதால், பிரிக்கும்போது முழ நீளத் துண்டுகளே கையில் வரும். இரண்டு பக்கமும் ஒழுங்கான சங்கிலிபோல ஓடி, நடுவே ஒரு நூலால் மட்டும் இணைத்திருந்தால் அதுவே உங்களுக்கு வேண்டியது. அந்த இணைப்பு நூலை வெட்டினால் முன்பக்கம், பின்பக்கம், கைகள் எனத் தனித்தனியே வரும். பிறகு கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்தால் நூல் சரசரவென்று பிரியும். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கினால் சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். இயந்திரத்தில் ஒருமுறை வெந்நீரில் துவைத்துச் சுருங்கி, துணிபோலத் தடித்துப்போன சுவெற்றர் எந்தப் பக்கத்திலிருந்தும் பிரியாது. அதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பிரித்த நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, முறுக்காமல் தூக்கி நிழலில் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். வளர்ந்தோர் சுவெற்றர் ஒன்று 350 முதல் 500 கிராம் வரை இருக்கும்; ஒரு சோடி விரலில்லாக் கையுறைக்கு 50 முதல் 70 கிராம் போதும். சேதாரம் போக, ஒரு சுவெற்றரில் நாலைந்து சோடி பின்னலாம். மகள் ஒன்றைப் போட, மற்றவற்றை அங்கே அவளோடு படிப்பிக்கும் ஆசிரியைகளுக்கு விற்றால் கூலி வந்துவிடும்.

பின்னுவதற்கு ஆள் தேடுவது கடினமாயிராது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தையல் வகுப்பில் விசாரியுங்கள். மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் மூன்று விடயங்களைச் சொல்லி வையுங்கள். உள்ளங்கையின் சுற்றளவைவிட 2 சென்ரிமீற்றர் குறைவாகப் பின்ன வேண்டும், ஏனென்றால் கம்பளி போடப்போட விரியும். 19 சென்ரிமீற்றர்க் கைக்கு, ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டு கண்ணி வருமானால், 34 அல்லது 36 கண்ணி போதும். மணிக்கட்டுப் பகுதியை இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்ற வரிப்பின்னலில் நீளமாக விட வேண்டும். ஓட்டை மட்டும் விடாமல், பெருவிரலின் அடியில் ஆப்பு வடிவத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கையுறை முதலில் கிழிவது அந்தப் பெருவிரல் அடியில்தான். அந்த இடத்திலும் மேல் விளிம்பிலும் கம்பளி நூலோடு மெல்லிய நைலோன் தையல் நூலையும் சேர்த்துப் பின்னினால் ஆயுள் கூடும். மீந்த நூலில் ஒரு சிறு உருண்டையைக் கையுறையோடு கொடுத்துவிடுங்கள், கிழிந்தால் அதே நிறத்தில் இழையோட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். குளிரில் மகளின் விரல்நுனி வெளுத்து, மரத்து, பிறகு நீலமாகிச் சிவக்குமானால் விரலில்லாக் கையுறை அவளுக்கு உதவாது. முழுக் கையுறை போட்டு மருத்துவரிடம் காட்டுவதே சரி.

கேள்வி: இணையவழிக் கடையொன்றில் ‘100 வீதம் மீள்சுழற்சிக் கம்பளி’ என்று போட்டுக் கையுறை விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: அப்படி நம்பி ஒருமுறை நானும் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். வந்த கையுறையின் உட்புறத்தில் தொங்கிய ஒரு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் விட்ட தட்டின் மேல் தீக்குச்சி கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வந்திருக்கும், சாம்பலை நசுக்கினால் பொடியாகியிருக்கும். எனக்கு வந்ததோ உருகிச் சொட்டி, நகத்தால் நசுக்க முடியாத கறுத்த மணியாகத் தட்டில் கிடந்தது. அது செயற்கை இழை. காசைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதினேன்; பதில் இல்லை.

இந்தச் சோதனை கம்பளியா இல்லையா என்பதைத்தான் சொல்லும். புதியதா மீள்சுழற்சியா என்பதைச் சொல்லாது. அதற்குச் சான்றிதழ்தான் வழி. ஜி.ஆர்.எஸ். எனப்படும் உலக மீள்சுழற்சித் தரத்தின் கீழ் வருவதற்குப் பொருளில் 20 வீதமாவது மீள்சுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். அந்த முத்திரையைப் பாவனையாளர் காணும் லேபலில் பதிக்க 50 வீதம் வேண்டும். அதுபோன்ற இன்னொரு மீள்சுழற்சித் தரமான ஆர்.சி.எஸ். முத்திரைக்கு 5 வீதமே போதும். ஆகவே எந்த முத்திரை என்றாலும் வீதத்தை வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள். மேலும், விற்பவரிடம் சான்றிதழ் இலக்கத்தைக் கேளுங்கள்; உண்மையாக வைத்திருப்பவர் தரத் தயங்கமாட்டார். மீள்சுழற்சி என்பது தொழிற்சாலைத் தரைக் கழிவா, மனிதர் உடுத்துக் கழித்ததா என்பதையும் கேளுங்கள். இரண்டையும் ஒரே சொல்லால் விற்கிறார்கள்.

‘100 வீதம்’ என்பதே எனக்கு உவப்பில்லாத சொல். கிழித்து நூற்ற கம்பளி, கலப்பு எதுவும் இல்லாமல் கையுறையாக வந்தால் இரண்டு பருவத்தைத் தாண்டுவது கடினம். 70 அல்லது 80 வீதம் மீள்சுழற்சிக் கம்பளியும் மீதி நைலோனும் என்று லேபல் சொல்லுமானால், அதைத்தான் நான் வாங்குவேன். விலையைப் பருவக் கணக்கில் பாருங்கள்: 900 ரூபாவுக்கு வாங்கியது ஒரு பருவத்தில் கிழிந்து, 3,000 ரூபாவுக்கு வாங்கியது ஐந்து பருவம் உழைத்தால், இரண்டாவதன் பருவச் செலவு 600 ரூபா.

கேள்வி: அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் பால் சேகரிக்கிறேன். மழைக்காலத்தில் கை விறைக்கிறது. கம்பளி விரலில்லாக் கையுறை பொருந்துமா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: பொருந்தாது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலையொட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்ததைப் பார்த்தவர்கள் நாம். அன்றைக்கு மாடுகளை வாட்டியது ஈரத்தோடு சேர்ந்து அடித்த காற்று. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் ஈரத்தை ஈரமென்று தெரியாமலே உறிஞ்சக்கூடியது என்றாலும், பின்னலின் இடைவெளியில் புகும் காற்றை அதனால் நிறுத்த முடியாது. நீர்புகா முழுக் கையுறையை மேலே போடுங்கள். பால் அளக்க இறங்கும்போது அதைக் கழற்றிவிட்டு வேலை செய்ய, உள்ளே விரலில்லாக் கம்பளிக் கையுறை இருந்தால் வசதிதான்.

கேள்வி: இவற்றைக் கழுவுவதும் பாதுகாப்பதும் எப்படி? அலுமாரியில் வைத்த கம்பளித் தொப்பியைப் பூச்சி அரித்துவிட்டது.
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தை இன்னும் விரும்பித் தின்னும். ஆகவே கழுவாமல் எடுத்து வைக்கக் கூடாது. வாளியில் குளிர்ந்த அல்லது இலேசாக வெதுவெதுப்பான நீர் விட்டு, மென்மையான சவர்க்காரத் தூளைக் கரைத்து, அழுத்திப் பிசையாமல் அமிழ்த்தி எடுங்கள். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் பெரியவரின் கையுறை குழந்தையின் கைக்கும் பற்றாமல் சுருங்கிவிடும். துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, பாயில் விரித்து நிழலில் காயவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீளும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள். வேப்பிலை வைப்பது நம் வழக்கம், வைக்கலாம். ஆனால் அழுக்கோடு வைத்த கம்பளியை வேப்பிலை காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே அரிக்கத் தொடங்கியிருந்தால், பையோடு ஆழ்குளிரூட்டியில் சில நாட்கள் வைத்தால் புழு சாகும். பிறகு வெளியே எடுத்து, பை வெப்பமடையும் வரை காத்திருந்து திறவுங்கள், இல்லையேல் கம்பளியில் நீர் கோத்துவிடும்.