வாசகர் கேள்விகள்: சிலிண்டர், தண்ணீர் பாட்டில், பழைய மின்னஞ்சல்

கேள்வி: சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ‘பி-27’ என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

பதில்: சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு. ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். உங்களுடையதற்கு 2027 ஜூன் வரை கெடு இருக்கிறது. கெடு தாண்டியது வந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அதே இடத்தில் காலி சிலிண்டரின் எடையும் இருக்கும். அது 15.3 கிலோ என்றால், 14.2 கிலோ எரிவாயுவும் சேர்ந்து தராசு 29.5 காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். மூன்று மாடி தூக்கி வந்தவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று பலர் கூசுகிறார்கள். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள், பிறகு கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வால்வுக்குள் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்பதையும் அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கசிவு என்றால் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்குக் ‘கூலிங் சார்ஜ்’ என்று 2 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரிகள் எல்லாம் அடக்கம். அதற்கு மேல் கடைக்காரர் வாங்கக் கூடாது. பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் கணக்கு வேறு. அங்கே சேவையும் சேர்வதால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறிவிட்டது.

கேள்வி: பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சத்தமாக வீடியோ பார்த்தால் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். “கொஞ்சம் குறைத்துக்கொள்கிறீர்களா?” என்றால் பெரும்பாலோர் உடனே குறைத்துவிடுவார்கள். முறைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்வதில் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: 2001இல் நண்பர் அனுப்பிய தமிழ் மின்னஞ்சல்களைச் சேமித்து வைத்திருந்தேன். இப்போது திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. அழிந்துவிட்டனவா?

பதில்: கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் பரவும் முன், கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்க டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறிமுறை வைத்திருந்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் இரண்டையும் தரமாக ஏற்ற பிறகும் மின்னஞ்சல் குழுக்களில் டிஸ்கிதான் கோலோச்சியது. உங்கள் நண்பர் பயன்படுத்திய குறிமுறைக்குரிய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கியாக இருக்கலாம். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தால் பாமினி. நண்பர் இலங்கைத் தமிழர் என்றால் அதற்கே வாய்ப்பு அதிகம். எழுத்துரு மாற்றி மென்பொருளில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். வெறும் கேள்விக்குறிகளாகவே வரிசை கட்டி நின்றால் மட்டும் மீட்க வழியில்லை. சேமித்தபோதே எழுத்துகள் போய்விட்டன. எதற்கும் மூலக் கோப்பைத் தொடாமல், பிரதி எடுத்து அதில் முயலுங்கள்.